அயர்லாந்தின் தொழிற்பள்ளிகளில் வதைபட்டவர்களுக்கு நீதி கிடைத்ததா?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. அயர்லாந்தில் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் சிறுவயதில் அடியும் பாலியல் வதையும் பட்டவர்கள், ஏன் கிழவயது வரும்வரை வாய் திறக்கவில்லை? அரசு இவ்வளவு இழப்பீடு கொடுத்த பிறகும் ஏன் “எங்களுக்கு நீதி கிடைக்கவில்லை” என்கிறார்கள்?

முதல் பகுதியிலேயே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். அவர்கள் வாய் திறந்தார்கள். பேசினார்கள், எழுதினார்கள். கேட்க வேண்டியவர்கள்தான் காது கொடுக்கவில்லை.

பீட்டர் டிரெல் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கால்வே பகுதியில் ஓர் ஏழைக் குடும்பத்துப் பையன். 1924-இல், எட்டு வயதில், லெட்டர்ஃப்ராக் தொழிற்பள்ளிக்கு அனுப்பப்பட்டான். அங்கே தையல் கற்று வெளியே வந்து, பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியானார். லெட்டர்ஃப்ராக்கோடு ஒப்பிட்டால் அந்தக் கைதி முகாம் எவ்வளவோ மேல் என்று பின்னாளில் எழுதினார். பள்ளியை நடத்திய கிறிஸ்தவ சகோதரர்கள் சபைக்கே கடிதம் எழுதிப் பார்த்தார், பலன் இல்லை. 1958 முதல் ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன் என்ற செனட்டருக்கு எழுதினார். பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதை எதிர்த்து அந்தக் காலத்தில் குரல் கொடுத்த வெகு சிலரில் அவரும் ஒருவர். அவர் சொல்லித்தான் டிரெல் தன் வாழ்க்கையை முழுதாக எழுதத் தொடங்கினார். வெளியிட யாரும் முன்வரவில்லை. 1967-இல் லண்டனில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இறந்தது யார் என்று கண்டுபிடிக்கவே ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது. உடல் அருகே கிடந்த ஓர் அஞ்சலட்டைத் துண்டில் ஸ்கெஃபிங்டன் பெயர் மிஞ்சியிருந்தது. அதை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவர் எழுதியது செனட்டரின் காகிதக் கட்டுகளுக்குள் தேசிய நூலகத்தில் கிடந்து, 2006-இல்தான் புத்தகமானது.

எழுதியது 1950-களின் கடைசியில், அச்சானது 2006-இல். ஆகவே “ஏன் பேசவில்லை” என்று கேட்பதே எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

டிரெல் படிப்பறிவு குறைந்த, செல்வாக்கில்லாத ஆள், அதனால் ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம். சரி, செல்வாக்குள்ளவர்கள் சொன்னபோது என்ன ஆனது? அமெரிக்காவில் ‘பாய்ஸ் டவுன்’ என்ற சிறுவர் இல்லத்தை நிறுவி உலகப் புகழ் பெற்றிருந்த பாதிரியார் எட்வர்ட் ஃப்ளனகன், அயர்லாந்தில் பிறந்தவர், 1946-இல் தாய்நாட்டுக்கு வந்தார். இந்த நிறுவனங்களையும் சிறைகளையும் பற்றிக் கேள்விப்பட்டு வெளிப்படையாகவே கண்டித்தார். நீதித்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, அவர் மிகைப்படுத்துகிறார், பொருட்படுத்தத் தேவையில்லை என்று முடித்துவிட்டார். 1962-இல் டப்ளின் பேராயர் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆர்ட்டேன் தொழிற்பள்ளியின் ஆன்ம குருவே அந்தப் பள்ளியின் நிலையைக் கடுமையாக விமர்சித்து அறிக்கை எழுதிக் கொடுத்தார். அது கோப்புக்குள் போனது. பள்ளி மேலும் ஏழாண்டு நடந்து 1969-இல் மூடப்பட்டது.

இங்கே அமைப்பு எப்படி இயங்கியது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாட்டில் இப்படி ஐம்பதளவில் பள்ளிகள் இருந்தன. 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடங்கியது இது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் அனாதைகள் இல்லை. தாய் தந்தை இருந்தார்கள், காசுதான் இல்லை. வறுமை, தாய் இறந்துபோனது, பள்ளிக்கு ஒழுங்காகப் போகாதது, எதையோ திருடியது, திருமணத்துக்கு வெளியே பிறந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் நிறுத்தி, பதினாறு வயது வரைக்கும் என்று உத்தரவு போடுவார்கள். ஒரு தலைக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று அரசும் உள்ளாட்சியும் சபைக்குப் பணம் தரும். பிள்ளைகள் குறைந்தால் வருமானம் குறையும். அந்தப் பணத்தைக் குடும்பத்துக்குக் கொடுத்திருந்தால் பாதிப் பிள்ளைகள் வீட்டிலேயே வளர்ந்திருப்பார்கள் என்பது என் கருத்து. எந்தக் குற்றமும் செய்யாத குழந்தை நீதிமன்ற ஆணையோடு உள்ளே போனதால், தன் பெயரில் குற்றப் பதிவு இருக்கிறது என்ற பயத்தோடேயே பலர் வாழ்ந்து முடித்தார்கள். வேலைக்கு மனுப்போடும்போதும் வெளிநாடு போகும்போதும் அந்தப் பயம் கூடவே வந்தது.

டப்ளினின் கோல்டன்பிரிட்ஜ் பள்ளியைப் பாருங்கள். மெர்சி சகோதரிகள் சபை நடத்தியது, பெண்பிள்ளைகளுக்கானது. அங்கே ஜெபமாலை கோக்கும் வேலை உண்டு. கம்பியைக் குறட்டால் வளைத்து, மணியில் நுழைத்து, முடிச்சுப் போட வேண்டும். பத்து மணி சேர்ந்தது ஒரு கண்ணி. பள்ளி முடிந்து வந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கண்ணி முடிக்க வேண்டும். கம்பி விரலை அறுக்கும். கணக்குக் குறைந்தால் அடி. அந்த ஜெபமாலைகள் வெளியே விலைக்குப் போயின, வாங்கியவர்கள் பக்தியோடு வைத்து ஜெபித்திருப்பார்கள். ஆர்ட்டேனின் சிறுவர் இசைக்குழு க்ரோக் பார்க் மைதானத்தில் பெரிய இறுதிப் போட்டிகளில் வாசிக்கும், நாடே கைதட்டும். இந்தப் பிள்ளைகள் எங்கோ கண்காணாத இடத்தில் இருக்கவில்லை. ஊரின் நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் இருந்தார்கள்.

உடைப்பு வந்தது தொலைக்காட்சியில். 1996-இல் கோல்டன்பிரிட்ஜில் வளர்ந்த கிறிஸ்டீன் பக்லியின் கதை ஆவணப்படமாக ஒளிபரப்பானது. 1999-இல் பத்திரிகையாளர் மேரி ராஃப்டெரி மூன்று பகுதியாகத் தொழிற்பள்ளிகளைப் பற்றி எடுத்தார். அவர் சாட்சிகளை மட்டும் நம்பவில்லை, கல்வித் துறையின் பழைய கோப்புகளைத் தோண்டினார். அரசுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது என்று அந்தக் காகிதங்களே சொல்லின. கடைசிப் பகுதி ஒளிபரப்பாக இருந்த அதே நாளில், 1999 மே 11 அன்று, பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விசாரணை ஆணையம் வரும் என்றார்.

இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது. சண்டை முழுக்கக் காகிதத்தைப் பற்றியதுதான். யார் எழுதியது, யார் பெட்டியில் இருக்கிறது, யார் திறக்கலாம், எப்போது திறக்கலாம் என்பதில்தான் ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் ஜெயித்தோ தோற்றோ இருக்கிறார்கள்.

ஆணையத்தின் கதையே அதற்குச் சாட்சி. முதல் தலைவர் நீதிபதி மேரி லஃபாய், அரசு சரியாக ஒத்துழைக்கவில்லை என்று சொல்லி 2003-இல் விலகினார். கல்வித் துறையை விசாரிக்கிற ஆணையத்துக்குப் படியளந்தது அதே கல்வித் துறை என்பதை நினைவில் வையுங்கள். அடுத்து நீதிபதி ஷான் ரயன் வந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களை வெளியிடக் கூடாது என்று கிறிஸ்தவ சகோதரர்கள் சபை வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களைத் தவிர யார் பெயரும் வராது என்று ஆணையம் 2004-இல் முடிவெடுத்தது. சாட்சி சொல்ல வந்தவர்கள் என்ன பாடு பட்டார்கள் என்பதை, க்ளொன்மெல் நகரின் முன்னாள் மேயர் மைக்கேல் ஓப்ரையன் 2009-இல் தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து சொன்னார். சிறுவயதில் அவரும் வதைபட்டவர். சபையின் வழக்கறிஞர்கள் சூழ்ந்து நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டு, பொய் சொல்கிறாய் என்று மடக்கியதை அவர் குமுறிக்கொண்டு சொன்னதைப் பார்த்த நாடு அதிர்ந்துபோனது. ஆயிரக்கணக்கான பக்க அறிக்கை செய்யாததை அந்தச் சில நிமிடம் செய்தது.

அறிக்கை 2009 மே 20-இல் வந்தது. ஐந்து தொகுதி. ரகசியமாகப் பேச விரும்பியவர்களுக்கென்று இருந்த குழுவிடம் மட்டும் 1,090 பேர், 216 நிறுவனங்களைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். ஆண்பிள்ளைகளின் நிறுவனங்களில் பாலியல் வதை ஊறிப்போயிருந்தது என்று ஆணையம் எழுதியது. கல்வித் துறை சபைகளின் முன் பணிந்து கிடந்தது என்றும் எழுதியது. தண்டனைப் பதிவேடு என்று ஒன்று ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்பது விதி. யாரை, எதற்காக, எத்தனை அடி என்று அதில் எழுத வேண்டும். பெரும்பாலான இடங்களில் அது ஒழுங்காக எழுதப்படவே இல்லை. அதாவது இல்லாத காகிதம்.

இருந்த காகிதம் ரோமில் இருந்தது. கிறிஸ்தவ சகோதரர்கள் சபையின் ரோம் ஆவணக் காப்பகத்தில், பிள்ளைகளைத் தொட்ட சகோதரர்கள் மீது சபை தனக்குள்ளேயே நடத்திய விசாரணைக் கோப்புகள் கிடைத்தன. இப்படிச் செய்கிற ஆள் திரும்பத் திரும்பச் செய்வான் என்பது மேலிடத்துக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் இடமாற்றம் செய்து வேறு பிள்ளைகளிடம் அனுப்பினார்கள் என்று அவற்றை வைத்து ஆணையம் முடிவுக்கு வந்தது. எண்பது வயதுக் கிழவர் ஒருவர் இத்தனை காலம் சொல்லி யாரும் நம்பாததை, அவரை வதைத்தவர்களின் சொந்தக் கையெழுத்தே உறுதிப்படுத்தியது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது ஆறுதலும் ஆத்திரமும் சேர்ந்தே வருகிறது.

அறிக்கையை வெளியிட்ட கூட்டத்துக்குள் பாதிக்கப்பட்டவர்களை விடவில்லை. கதவுக்கு வெளியே தகராறே நடந்தது. உள்ளே வெளியான ஐந்து தொகுதியிலும் குற்றவாளிகள் புனைபெயரில் இருந்தார்கள். பெயரே இல்லாத அறிக்கையை எடுத்துக்கொண்டு யார் மீதும் நேராக வழக்குப் போட முடியாது. தனியாகப் போலீஸ் விசாரித்துத் தண்டனை வாங்கித் தந்த வழக்குகள் உண்டு. அவை மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு.

இனி இழப்பீட்டுக்கு வருவோம், கேள்வியின் இரண்டாம் பகுதி இதுதான். 2002-இல் சட்டம் போட்டு ஓர் இழப்பீட்டு வாரியம் அமைத்தார்கள். விண்ணப்பித்தவர்கள் 16,000-க்கும் மேல். அதிகபட்சம் 3,00,000 யூரோ, சராசரி ஏறக்குறைய 62,000. சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். இருட்டறையில் வாழ்க்கையைத் தொலைத்த பலருக்கு அதுதான் முதல்முறையாகக் கையில் வந்த பணம். இங்கிலாந்தின் வாடகை அறைகளில் தனியாகக் கிடந்தவர்களுக்கு வயதான காலத்தில் அது உதவியிருக்கும்.

ஆனால் அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். நூற்றுக்கு மதிப்பெண். வதையின் கடுமைக்கு 25 வரை. மருத்துவர் உறுதிசெய்த உடல், மன நோய்க்கு 30 வரை. வாழ்க்கையிலும் உறவுகளிலும் அது விட்டுச்சென்ற விளைவுகளுக்கு 30 வரை. இழந்த வாய்ப்புகளுக்கு 15 வரை. 25-க்குக் கீழே வாங்கினால் 50,000 யூரோவைத் தாண்டாது. 70-ஐத் தொட்டால்தான் உச்சத் தொகைப் பிரிவு. ஒரு விதத்தில் நியாயமான முறைதான், இல்லையென்றால் ஆளுக்கு ஆள் வாரியம் மனம்போல் கொடுத்திருக்கும். ஆனாலும் எழுபது வயதுக்காரர் ஒருவர் தன் எட்டு வயதை மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கு எத்தனை மார்க் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. விசாரணை தனி அறையில் நடக்கும். யார் மேல் தவறு என்று வாரியம் தீர்ப்புச் சொல்லாது, அது அதன் வேலையே இல்லை என்று சட்டம் எழுதியிருந்தது. பணத்தை ஏற்றுக்கொண்டால் அரசு மீதும் சபை மீதும் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டும்.

அப்புறம் 28-ஆம் பிரிவு. விண்ணப்பத்தைப் பற்றியோ கிடைத்த தொகையைப் பற்றியோ, சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டும் விதத்தில் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் குற்றம். 25,000 யூரோ வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. சட்டத்தை நுணுக்கமாகப் படித்தால், தன் சிறுவயதில் நடந்ததைச் சொல்வதை அது தடுக்கவில்லை, வாரியத்தில் நடந்ததைத்தான் தடுக்கிறது. ஆனால் “வெளியே சொன்னால் தொலைத்துவிடுவேன்” என்ற மிரட்டலுக்கு நடுவே வளர்ந்த ஒருவரிடம் இந்தக் காகிதத்தை நீட்டினால் அவருக்கு என்ன புரியும்? பலர் மனைவி மக்களிடம்கூடச் சொல்ல அஞ்சினார்கள். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடுதான் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று யோசிக்காமல் எழுதினார்கள், அது போதும்.

பணம் யார் பணம் என்பதும் ஒரு பெரிய புண். 2002 ஜூன் 5 அன்று, புதிய அரசு பதவியேற்பதற்கு முந்தைய நாள், கல்வி அமைச்சர் மைக்கேல் வுட்ஸ் 18 சபைகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். சபைகள் பணமாகவும் சொத்தாகவும் ஆலோசனைச் சேவையாகவும் 128 மில்லியன் யூரோ மதிப்புக்குத் தரும். அதற்கு மேல் எவ்வளவு ஆனாலும் அரசே ஏற்கும். மொத்தச் செலவு கடைசியில் 1.5 பில்லியன் யூரோவைத் தொட்டது. அறிக்கை வந்த பிறகு மக்கள் கொதிப்பில் சபைகள் இன்னும் தருவதாக ஒப்புக்கொண்டன, அதிலும் இழுபறிதான். வரி கட்டியவர்கள் கொடுத்த இழப்பீட்டைச் சபைகள் செய்த பரிகாரமாகப் பாதிக்கப்பட்டவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

வாரியத்துக்குப் போகாமல் நேராக நீதிமன்றம் போயிருந்தால்? லூயிஸ் ஓகீஃப் போனார். அவர் படித்தது தொழிற்பள்ளி அல்ல, கார்க் பகுதியில் திருச்சபை மேலாண்மையில், அரசுச் சம்பளத்தில் நடந்த சாதாரண ஆரம்பப் பள்ளி. 1973-இல் தலைமை ஆசிரியரால் வதைக்கப்பட்டார். 1971-லேயே இன்னொரு தாய் பள்ளி மேலாளரான பாதிரியாரிடம் புகார் சொல்லியிருந்தார், அது மேலே போகவில்லை. “பள்ளியை நடத்தியது திருச்சபை, எங்களுக்குப் பொறுப்பில்லை” என்றது அரசு. உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 2008-இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். அரசின் வழக்குச் செலவு தலையில் விழுந்து வீடே போய்விடுமோ என்ற நிலை. அவர் தோற்றதைக் காட்டி, இதேபோல் வழக்குப் போட்டிருந்த மற்றவர்களுக்கு “விலகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் செலவு உங்கள் தலையில்” என்று அரசுத் தரப்பிலிருந்து கடிதம் போனது. அவர் விடாமல் ஸ்ட்ராஸ்பூர்க் போனார். 2014 ஜனவரி 28-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆரம்பக் கல்வியைத் திருச்சபையிடம் ஒப்படைத்துவிட்டு, குழந்தைகளைப் பாதுகாக்க ஓர் ஏற்பாடும் செய்யாமல் விட்டது அரசின் குற்றமே என்றது.

அதோடு முடிந்ததா? இழப்பீடு வேண்டுமானால், உங்களை வதைத்தவர் மீது அதற்கு முன்பே ஒரு புகார் பதிவாகியிருக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை போட்டது. புகாரைப் பதிவுசெய்யாததுதானே குற்றமே! அந்த நிபந்தனை தீர்ப்புக்கு முரணானது என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் 2019-இல் சொன்ன பிறகுதான் அரசு இறங்கிவந்து மன்னிப்புக் கேட்டது.

அதே 2019-இல் இன்னொரு மசோதா வந்தது. ஆணையத்திடமும் இழப்பீட்டு வாரியத்திடமும் இருந்த ஆவணங்களையெல்லாம் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றி, 75 ஆண்டுக்கு முத்திரையிட்டு மூடிவிடலாம் என்றது. சாட்சிகளின் அந்தரங்கம் என்ற காரணம் போலியானது அல்ல. ரகசியம் என்று வாக்குக் கொடுத்துத்தான் அவர்களைப் பேச வைத்தார்கள், தன் பெயர் என்றைக்கும் வெளியே வரக் கூடாது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தன் சாட்சியத்தைத் தானே திரும்பப் பார்க்கக்கூட வழியில்லாமல் ஒட்டுமொத்தமாக மூடுவது எந்த ஊர் நியாயம்? எதிர்ப்பு வலுத்தது, தேர்தல் வந்தது, மசோதா நிறைவேறாமலே போனது. திருமணமாகாத தாய்மார்களும் குழந்தைகளும் இருந்த இல்லங்களைப் பற்றிய வேறோர் ஆணையத்தில், 550 பேர் பேசிய ஒலிப்பதிவுகளை அழித்தேவிட்டார்கள் என்று 2021-இல் தெரிய வந்தது. கூச்சல் எழுந்த பிறகு காப்பு நகலிலிருந்து மீட்டார்கள்.

பிள்ளைப் பருவத்தில் நடந்ததைச் சொல்லத் தாமதமாவது அயர்லாந்துக்கு மட்டும் உரியதும் அல்ல. நிறுவனங்களில் பிள்ளைகள் பட்ட பாலியல் வதையை விசாரித்த ஆஸ்திரேலியாவின் ராயல் கமிஷனிடம் தனியாகப் பேசியவர்கள் முதல்முறை வெளியே சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டு. வழக்குத் தொடுக்கக் காலவரம்பு வைக்கும் சட்டங்கள் இந்த உண்மையோடு மோதிக்கொண்டே இருக்கின்றன.

இந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பரில், சபைகள் நடத்திய சாதாரணப் பள்ளிகளைப் பற்றி ஒரு முன்னோட்ட விசாரணையின் அறிக்கை வந்தது. 308 பள்ளி, 884 பேர் மீது 2,395 குற்றச்சாட்டு. இந்த எண்கள் சபைகளின் சொந்தப் பதிவேடுகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. இத்தனை காலமும் அவர்கள் அலமாரியில்தான் இருந்திருக்கின்றன. முழு விசாரணை ஆணையம் அமைக்க அரசு ஒப்புக்கொண்டது. கூடவே இன்னோர் இழப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்திருக்கிறது. அப்படி ஒன்று வந்தால், தொகை எவ்வளவு என்பதற்கு முன் நான் மூன்று விஷயத்தைத்தான் தேடிப் பார்ப்பேன்: 28-ஆம் பிரிவு போல ஒன்று வேறு பெயரில் நுழைந்திருக்கிறதா, சாட்சி சொன்னவருக்கு அவர் சாட்சியத்தின் நகல் கிடைக்குமா, சபைகளின் பங்கு இந்தத் தடவை யார் கையெழுத்தில், எப்போது முடிவாகிறது.